என் குரல் என்னுடையதுதான் என்று நிரூபிக்கப் பதினொரு மாதம்

நானே எழுதி நானே பாடிய பாட்டை இணையத்தில் ஏற்றினேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அறிவிப்பு வந்துவிட்டது: இந்த ஒலிப்பதிவு வேறொருவருக்குச் சொந்தமானது. உரிமை கோரியிருந்த பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. முதலில் சிரிப்புதான் வந்தது. ஏதோ கணினி செய்த தப்பு, ஒரு பட்டனை அழுத்தினால் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. பதினொரு மாதம் ஆனது. நான்கு மாதச் சம்பளம் கரைந்தது. பதினாறு வருடமாகப் பேசாத ஒருவன் வீட்டு வாசலில் போய் நிற்கவும் வேண்டியிருந்தது. இதையெல்லாம் யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று புலம்பாத வாரம் கிடையாது. கையில் ஒரு கிட்டாரும் கூட மூன்று நண்பர்களும் இருப்பவர்கள் படியுங்கள். ஆரம்பத்தில் 'நானே எழுதி' என்றேன் அல்லவா, அந்த 'நானே'வுக்கு அப்புறம் வருகிறேன். பாதி வம்பு அதில்தான் இருந்தது.

1999. நாங்கள் நாலு பேர். நான் பாட்டும் ரிதம் கிட்டாரும். மற்ற மூவர் லீட், பேஸ், டிரம்ஸ். எந்த மேடையும் எங்களைக் கூப்பிட்டதில்லை. டிரம்மர் வீட்டு கார் ஷெட்டில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசிப்போம். ஒரு நாள் பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி முறுக்காணியில் பிடி விட்டுத் தளர்ந்துகொண்டே வந்தது. யாராக இருந்தாலும் நிறுத்திச் சுருதி சேர்ப்பார்கள். அவன் நிறுத்தவில்லை. தொங்கிப்போன அந்தக் கம்பியிலேயே நாலே நாலு சுரத்தைத் திருப்பித் திருப்பி அடித்தான். கம்பி ஃபிரெட்டில் மோதிக் கடகடவென்று உறுமியது. டிரம்மர் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே வந்தான். வேறு ஏதோ மெட்டுக்கென்று என் நோட்டில் கிடந்த எட்டு வரி அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அரை மணி நேரத்தில் பாட்டு தயார். திரும்பத் திரும்ப வரும் அந்த நாலு சுர ரிஃப் இல்லாவிட்டால் அந்த வரிகள் நோட்டோடு மக்கியிருக்கும். இது அன்றைக்கே எல்லோருக்கும் தெரியும். யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பாட்டு பிறந்த அன்றைக்கே, யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு விடுங்கள். 'இன்னும் ஒருத்தனும் கேட்கவே இல்லை, அதற்குள் பங்கு பிரிக்கிறாயா' என்று கிண்டல் வரும், வரட்டும். பாட்டுக்கு மதிப்பே இல்லாத நாளில் பங்கு பிரித்தால் சண்டை வராது. கேட்க ஆள் வந்தபிறகு பிரித்தால் ஒவ்வொருவர் ஞாபகமும் ஒவ்வொரு கதை சொல்லும். பலருக்கும் தெரியாத, எனக்கும் நாற்பது வயதுவரை தெரியாத இன்னொன்று உண்டு. ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று. அதைப் பாடி வாசித்துப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொன்று. இரண்டுக்கும் உரிமையாளர்கள் ஒரே ஆட்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. 1886இல் கையெழுத்தான பெர்ன் என்ற பதிப்புரிமை உடன்படிக்கையின் வழியில் போகும் நாடுகளில் படைப்புக்கு உரிமை தானாகவே பிறந்துவிடுகிறது, பதிவு செய்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் உரிமை இருப்பது வேறு, அதை இன்னொருவர் முன்னால் காட்டுவது வேறு. நான் மாட்டிக்கொண்டது இரண்டாவதில்.

பதிவை இரண்டு இரவில் முடித்தோம். நாலு ஒலியைத் தனித்தனித் தடமாகப் பதியும் ஒரு நாலு டிராக் கேசட் மெஷினை வாடகைக்கு எடுத்தோம். 1979இல் டியாக் கம்பெனி போர்ட்டாஸ்டுடியோவைக் கொண்டுவந்தபிறகு உலகம் முழுக்க எங்களைப் போன்றவர்களுக்கு ஸ்டுடியோ என்றால் அந்த வகைப் பெட்டிதான். முதல் டிராக்கில் டிரம்ஸ், இரண்டில் பேஸ், மூன்றில் கிட்டார்கள், நான்கில் என் குரல். கிட்டார் சோலோ முடிந்து நான் பாட வேண்டிய இடத்தில் ஒரு சுற்று முன்னதாகவே வாயைத் திறந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற டிரம்மர் சிரித்துவிட்டான். நான் தடுமாறி நிறுத்தி, சரியான இடத்தில் மறுபடி பிடித்தேன். விடிந்துகொண்டிருந்தது, மெஷினைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்படியே விட்டுவிட்டோம். இதே மாதிரி ஒரு தப்பு 1963இல் கிங்ஸ்மென் என்ற அமெரிக்கக் குழு பதிவு செய்த 'லூயி லூயி'யிலும் உண்டு. அவர்கள் பாடகர் ஜாக் எலி, சோலோவுக்குப் பிறகு முந்திக்கொண்டு வந்துவிடுவார். அது எனக்குத் தெரியவந்தது ரொம்ப நாள் கழித்துத்தான். தெரிந்திருந்தால் அன்றைக்கு அத்தனை வெட்கப்பட்டிருக்க மாட்டேன்.

இதற்கிடையில் எங்கள் பேஸ்காரன் ஒரு மூலையில் உட்கார்ந்து கேசட் லேபிளில் பொடி எழுத்தில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தான். எத்தனையாவது டேக், அதாவது எத்தனையாவது முறை வாசித்துப் பதிந்தது, எந்த மைக் எங்கே, எந்தக் குமிழ் எதில். பஸ்காக்ஸ் என்ற ஆங்கில பங்க் குழு, தெரிந்தவர்களிடம் 500 பவுண்டு கடன் வாங்கி 1977 ஜனவரியில் 1000 இசைத்தட்டு போட்ட 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' உறையில், எந்தப் பாட்டு எத்தனையாவது டேக் என்றுகூட அச்சடித்திருந்தார்கள். அதை எங்கேயோ பார்த்துவிட்டு வந்தவன் இவன். 'ஆபீஸ் கிளார்க்' என்று அவனைக் கிண்டலடித்தோம். அதில் முன்னால் நின்றவன் நான்தான்.

இரண்டு டெக்கை இணைத்து 150 கேசட் பிரதி எடுத்தோம். கேசட் பெட்டிக்குள் வைக்கும் இன்லே கார்டை நான் தயார் செய்தேன். அதில் 'பாடல், இசை' என்ற இடத்தில் என் பெயரை மட்டும் போட்டேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, எழுதும்போது தோன்றவே இல்லை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தோன்றியது. நாலு பெயரும் போட்டால் இடம் போதாது, நம் பெயர் இருந்தால் என்ன என்று ஒரு விநாடி தோன்றியது. பேஸ்காரன் அட்டையைப் புரட்டிப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்துக் குழு உடைந்தபோது, உடைந்ததற்கு எல்லோரும் சொன்ன காரணம் வேலை, கல்யாணம், ஊர் மாற்றம். அவன் மட்டும் எந்தக் காரணமும் சொல்லவில்லை. நான் கூப்பிட்டால் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான்.

பாட்டு எங்களைவிடத் தெம்பாக இருந்திருக்கிறது. அந்த 150இல் ஏதோ ஒன்றிலிருந்து யாரோ கணினிக்கு மாற்றி, 'குழு பெயர் தெரியவில்லை' என்று போட்டுப் பகிர்ந்திருக்கிறார்கள். இருபது வயதுப் பையன்கள் அதை வாசிக்கும் ஒரு வீடியோவை என் மருமகன் காட்டினான். சோலோ முடிந்ததும் அந்தப் பாடகன் ஒரு சுற்று முன்னதாக வாயைத் திறந்து, தடுமாறி, மறுபடி பிடிக்கிறான். என் தப்பை மனப்பாடம் செய்திருக்கிறான்! அன்றிரவு தூக்கம் வரவில்லை. பெயரில்லாமல் பாட்டு அலைவது எங்களுக்கு மட்டும் நடந்தது அல்ல. 1980களின் நடுவில் ஜெர்மன் வானொலியிலிருந்து பதிவு செய்யப்பட்ட ஒரு பாட்டுக்குப் பெயரும் தெரியாமல் ஆளும் தெரியாமல் 2007இலிருந்து இணையத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள். அது கீல் நகரத்து ஃபெக்ஸ் குழுவின் பாட்டு என்பது 2024 நவம்பரில்தான் தெரிந்தது. கேசட்டிலோ ஃபைலிலோ பெயர், தேதி, ஆட்கள் மூன்றும் ஒட்டியிருக்க வேண்டும். இப்போது இதற்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்துக் குறியீடு உண்டு, ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஒன்று. பாட்டை ஏற்றுவதற்கு முன்பே வாங்கிப் பதித்துவிடுங்கள்.

சரி, நானே முறையாக ஏற்றிவிடலாம் என்று என்னிடம் மிச்சமிருந்த ஒரு கேசட்டிலிருந்து எடுத்து ஏற்றியபோதுதான் அந்த அறிவிப்பு. நடந்தது இதுதான்: யாரோ ஒரு ஆள் எங்கள் பாட்டை வேறு பெயரில் ஒரு விநியோக நிறுவனம் வழியாக எனக்கு முன்னரே ஏற்றியிருக்கிறார். ஒலியின் 'கைரேகை' அவர் பெயரில் பதிவாகிவிட்டது. அப்புறம் யார் ஏற்றினாலும் இயந்திரம் அவரைத்தான் உரிமையாளர் என்று காட்டும். யூடியூப்பில் 2007இல் வந்த கன்டென்ட் ஐடி இப்படிக் கைரேகை பொருத்துவதுதான். இந்த வகைச் சண்டையில் நாளெண்ணத் தெரிய வேண்டும். அங்கே நீங்கள் ஆட்சேபம் எழுப்பினால் கோரியவர் பதில் சொல்ல 30 நாள் இருக்கிறது. பதிலே சொல்லாவிட்டால் கோரிக்கை விழுந்துவிடும், அவர் மறுத்தால் நீங்கள் மேல்முறையீட்டுக்குப் போகலாம். நான் செய்த முட்டாள்தனம், ஆட்சேபப் பெட்டியில் 'இது என் பாட்டு, வெட்கமாக இல்லையா' என்கிற ரீதியில் ஒரு பக்கம் கொட்டியது. ஒரு ஆதாரம்கூட இணைக்கவில்லை. இருபத்தொன்பதாம் நாள் ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். கோபத்தோடு அந்தப் பெட்டியின் பக்கமே போகாதீர்கள். எந்த ஆண்டு, எந்த இடம், யார் யார், என்ன ஆதாரம், இவ்வளவு போதும்.

வக்கீலிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மூன்று கேள்வி கேட்டார். முதன்முதலில் பதிந்த மாஸ்டர் டேப் எங்கே? குழுவுக்குள் ஒப்பந்தம் உண்டா? மற்ற மூவரும் உங்கள் பக்கம் கையெழுத்துப் போடுவார்களா? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. கேசட்டை எனக்கே தபாலில் அனுப்பிச் சீலோடு வைத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். உறையைத் திறந்து மூடுவது பெரிய வித்தையா என்று கேட்டு அதை ஓரமாக வைத்துவிட்டார். அந்த ஒரு மணி நேரத்துக்கும் அதன்பின் எழுதிய கடிதங்களுக்குமாக ஒன்றரை மாதச் சம்பளம். அந்த மூன்று கேள்விக்கும் பதிலோடு போயிருந்தால் அதில் பாதிகூட ஆகியிருக்காது.

மாஸ்டர் டேப் யாரிடம் இருக்கும்? எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நின்றேன். கதவைத் திறந்தவன் தலை முழுக்க நரை. என்னைப் பார்த்ததும், 'கேசட் வேணுமா?' என்றான். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. இணையத்தில் பாட்டு சுற்றுவதும் அதை எவனோ அமுக்கியதும் அவனுக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. உள்ளே போய் ஒரு இரும்புப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான், ஆனால் திறக்கவில்லை. 'டேய், ஒண்ணு கேக்கறேன். அந்த அட்டையில என் பேர் ஏன்டா இல்ல?' என்றான். இடம் போதவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. 'எழுதும்போது தோணிச்சு, இருந்தும் போடல' என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் பெட்டியைத் திறந்தான். பணம் எதுவும் கேட்கவில்லை, அன்றும் இல்லை, பின்னாலும் இல்லை.

டேப் பத்திரமாக இருந்தது. நின்ற வாக்கில், காந்தம் உள்ள ஸ்பீக்கர் பக்கமே இல்லாமல், ஈரம் படாமல் வைத்திருந்தான். லேபிளில் நீல மையில் தேதி, டேக் எண், மைக் விவரம், அதோடு ஒரு வரி: 'பதியும்போது பிட்ச் குமிழ் நடுவுக்குச் சற்று இடப்புறம். மிக்ஸில் நடுவில். மாற்றாதே.' அந்தக் குமிழ் டேப் ஓடும் வேகத்தை மாற்றுவது. எங்கள் பாட்டு எந்தச் சுருதியிலும் சரியாக உட்காராமல் இரண்டுக்கும் இடையில் நிற்பதற்குக் காரணம் அதுதான். டெட்ராய்ட்டில் டெத் என்றொரு குழு 1976இல் 500 தட்டு மட்டும் போட்டது. அதன் டேவிட் ஹாக்னி சாவதற்கு முன் மாஸ்டர் டேப்புகளைத் தம்பியிடம் கொடுத்து, உலகம் ஒருநாள் தேடி வரும் என்றாராம். அவர் 2000இல் இறந்தார், அந்தப் பாட்டுகள் 2009இல் ஆல்பமாக வந்தன. ஒவ்வொரு குழுவுக்கும் இப்படிப் பெட்டி வைத்திருக்க ஒரு ஆள் வேண்டும். எங்களுக்கு அவன் இருந்தான். நாங்கள் அவனைக் கிளார்க் என்றோம்.

அவசரத்தில் அடுத்த தப்பையும் செய்தேன். டேப்பைச் சாதாரண கேசட் பிளேயரில் போட்டேன். டிரம்ஸும் பேஸும் மட்டும் பாதி வேகத்தில் யானை நடப்பதுபோல் வந்தன. திருப்பிப் போட்டால் என் குரல் பின்னோக்கி ஓடுகிறது. பாழாகிவிட்டது என்று கை நடுங்கியது. பாழாகவில்லை. எங்கள் மெஷின் சாதாரண வேகத்தைப்போல் இரண்டு மடங்கில் ஓடும் வகை. கேசட்டின் இரண்டு பக்கத்துக்கும் உள்ள நாலு தடத்தையும் ஒரே திசையில் பதியும். கணினியில் வேகத்தைக் கூட்டி, பின்னோக்கியதைத் திருப்பி ஒட்டலாம்தான். ஆனால் இரண்டு தடவையாக எடுத்தால் போகப்போகத் தாளம் விலகும். மெஷினிலேயே இருந்த இரைச்சல் குறைக்கும் அமைப்பு இல்லாமல் கேட்டால் ஒலி மூச்சு வாங்கும். அதே மாடல் மெஷின் வைத்திருக்கும் ஆளைத் தேடிப் பிடித்து, ஹெட்டைத் துடைத்து, ரப்பர் பெல்ட்டை மாற்றி, நாலு டிராக்கையும் ஒரே ஓட்டத்தில் 24 பிட் வேவ் ஃபைலாக எடுத்தோம். பழைய டேப் என்றால் முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாகிவிடலாம். சும்மா கேட்டுப் பார்ப்போமே என்று ஓட்டாதீர்கள்.

வழக்கை முடித்து வைத்தது அந்த நாலாவது டிராக். கேசட்டிலிருந்து திருடியவரிடம் முழுப் பாட்டு மட்டும்தான் இருக்கும், குரலைத் தனியாகத் தர முடியாது. வக்கீல் எதிர்த்தரப்பிடம் குரல் டிராக்கை மட்டும் கேட்டார். நாங்கள் எங்களுடையதை அனுப்பினோம். அதில் சோலோவின்போது இசை இல்லாத அமைதியில் நான் மூச்சு வாங்குவது, செருப்பு தேய்வது, முந்திக்கொண்டு பாடியதும் டிரம்மர் சிரிப்பது எல்லாம் அப்பட்டமாகக் கேட்கும். லேபிளின் படமும் மூன்று பேரின் கையெழுத்துக் கடிதமும் கூடவே போயின. லீட் கிட்டார் வெளிநாட்டில் இருக்கிறான், அவனுடைய பதில் 'சரி' என்ற ஒரே வார்த்தை, ஆனால் கையெழுத்து வந்தது. மூன்றாவது வாரம் உரிமைகோரல் விலகியது. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. அதுவரை அவர் சம்பாதித்ததைத் தேடிப் போக எனக்குத் தெம்பும் இல்லை.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு சிறிய வெளியீட்டாளர் நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஓடும் ஏழங்குலத் தட்டு 300 போடலாம் என்றார், பாதிச் செலவு என்னுடையது. இணையத்துக்காகச் சத்தத்தைத் தள்ளி, உச்ச ஒலியைத் தூக்கி வைத்திருந்த அதே இறுதிப் பிரதியை, அதாவது மாஸ்டரை, அனுப்பினேன். சோதனைக்காக முதலில் போடும் தட்டான டெஸ்ட் பிரெஸிங் வந்ததும் ஒரு நண்பன் வீட்டு மலிவு பிளேயரில், பேச்சு நடுவே கேட்டுவிட்டுச் சரி என்று எழுதிவிட்டேன். முந்நூறும் வந்து நல்ல ஊசியில் போட்டால், 'ச'வும் 'ஸ'வும் வரும் இடமெல்லாம் எண்ணெயில் கடுகு வெடிக்கிறது. தட்டுக்குத் தனி மாஸ்டர் வேண்டும். சீறும் எழுத்துகளை அடக்க வேண்டும், அடி ஒலி நடுவில் இருக்க வேண்டும். டெஸ்ட் பிரெஸிங்கை இரண்டு மூன்று பிளேயரில், முழுக்க, வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். மீதிச் சம்பளத்தில் பெரும்பகுதி போனது இங்கேதான். அந்தப் பெட்டிகள் இன்னும் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன.

ஒப்பந்தம் ஒரே தாளில் முடிந்தது. படைப்பு, ஒலிப்பதிவு இரண்டிலும் நாலு பேருக்கும் சமப் பங்கு. வெளியே உரிமம் கொடுக்க மூன்று பேர் சம்மதம் வேண்டும். ஒருவர் இறந்தால் பங்கு அவர் குடும்பத்துக்கு. மாஸ்டரின் பிரதி மூன்று இடத்தில். தாளம் போட்டவனுக்கு மெட்டில் பங்கு எதற்கு என்று டிரம்மரே கேட்டான். சட்டம் அப்படித்தான் பார்க்கும் என்று வக்கீலும் சொன்னார். அவன் சிரிப்பு இல்லாமல் இந்த வழக்கே ஜெயித்திருக்காது, கையெழுத்துப் போடுடா என்றோம். 'லூயி லூயி'யை எழுதிய ரிச்சர்ட் பெரி 1959இல், கல்யாணச் செலவுக்காக அதன் உரிமையை 750 டாலருக்கு விற்றவர். அது திரும்பக் கைக்கு வர அவருக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. எங்களுக்கு முதல் காலாண்டில் வந்த தொகையை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு கிட்டார் கம்பிகூட வாங்க முடியாது. வங்கிக் குறுஞ்செய்தியை மூன்று தடவை பார்த்தேன்.

இரண்டாம் தடவை தட்டு போடுவதற்கு முன் உறையின் அச்சுப் படியை பேஸ்காரனிடம் கொடுத்தேன். நாலு பெயரும் அகர வரிசையில், ஒரே அளவில். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். பெயர்களைத் தாண்டி, கீழே நான் ஞாபகத்திலிருந்து எழுதியிருந்த 'டேக் 5' என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை எடுத்து அடித்தான். 'ஆறுடா. அஞ்சுல நீ இருமிட்ட.'